ஆக்சிஜன் இல்லாவிட்டால் செல் எலெக்ட்ரானை எங்கே இறக்கும்?

கேள்வி இதுதான்: "குளுக்கோஸ் பைருவிக் அமிலமாக உடையும்போதே 2 ஏடிபி கிடைத்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாதபோது செல் இன்னும் ஒரு படி போய் அதை லாக்டிக் அமிலமாகவோ ஆல்கஹாலாகவோ மாற்றுகிறது. அந்தக் கடைசிப் படியில் ஒரு ஏடிபி கூடக் கிடைப்பதில்லை. பிறகு எதற்கு அந்த வேலை? அப்புறம், நொதித்தலும் காற்றில்லா சுவாசமும் ஒன்றுதானா?"

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: அந்தக் கடைசிப் படி ஏடிபிக்காக, அதாவது செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் நாணயத்துக்காக, நடப்பதே இல்லை. அதற்கு முன்னால் உள்ள படிகள் நின்றுவிடாமல் இருப்பதற்காக நடக்கிறது. பாடப்புத்தகங்கள் இதை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. ஆனால் காற்றில்லாமல் வாழும் உயிர்களைப் பற்றிய மொத்த விஷயமும் இந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் ஆக்சிஜன் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். நாம் இழுக்கும் ஆக்சிஜன் நேராகப் போய்ச் சர்க்கரையோடு சேர்ந்து அதை எரிக்கிறது என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். செல்லுக்குள் அப்படி நடப்பதில்லை. சர்க்கரையிலிருந்து எலெக்ட்ரான்கள் படிப்படியாகக் கழற்றப்பட்டு, செல்லின் ஆற்றல் அறையான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் வரிசையாக இருக்கும் புரதங்கள் வழியே கைமாறிப் போகின்றன. அந்த வரிசையின் கடைசியில்தான் ஆக்சிஜன் நிற்கிறது. வந்து சேரும் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தண்ணீராகிவிடுகிறது. நீங்கள் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் ஆக்சிஜன், நீங்கள் உள்ளே இழுத்த ஆக்சிஜன் கிடையாது. இழுத்தது தண்ணீராகிவிட்டது. ஆக, செல்லைப் பொறுத்தவரை ஆக்சிஜன் என்பது எலெக்ட்ரான்களை இறக்கிவைக்க ஓர் இடம். மிக நல்ல இடம், ஆனாலும் அது ஓர் இடம்தான். அது இல்லை என்றால் வேறு இடம் தேட வேண்டும்.

இப்போது குளுக்கோஸைப் பைருவிக் அமிலமாக உடைக்கும் கிளைக்காலிசிஸுக்கு வருவோம். சைட்டோபிளாசத்தில் பத்துப் படிகளாக நடக்கும் இந்த வினைத்தொடருக்கு ஆக்சிஜன் எங்குமே தேவையில்லை. முதலில் செல் தன் கையிருப்பிலிருந்து 2 ஏடிபியைச் செலவழித்து குளுக்கோஸின் மேல் பாஸ்பேட்டுகளை ஏற்றுகிறது. ஆறு கார்பன் கொண்ட அந்தச் சர்க்கரை மூன்று கார்பன் கொண்ட இரண்டு துண்டுகளாக உடைகிறது. ஆறாவது படியில் அந்தத் துண்டு ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு எலெக்ட்ரான்கள் கழற்றப்படுகின்றன. பத்துப் படிகளில் ஆக்சிஜனேற்றம் (எலெக்ட்ரானைக் கழற்றுவதற்கு வேதியியலில் அதுதான் பெயர்) நடப்பது இந்த ஒரு படியில் மட்டும்தான். இதன் பலனாகத்தான் பின்னால் வரும் படிகளில் 4 ஏடிபி கிடைக்கிறது. போட்ட 2 போக மிச்சம் 2.

ஆறாவது படியில் கழற்றிய எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்வது என்ஏடி என்ற சிறு மூலக்கூறு. வாங்கிய பிறகு அதற்கு என்ஏடிஹெச் என்று பெயர். சாப்பாட்டில் வரும் நியாசின், அதாவது வைட்டமின் பி3, உடலில் இதைக் கட்டத்தான் பயன்படுகிறது. செல்லுக்குள் இது மிகக் கொஞ்சமாகவே இருக்கிறது. கட்டட வேலையில் கலவைச் சட்டி கைமாறி மேலே போகும். கொட்டிவிட்டு வெறும் சட்டியைக் கீழே அனுப்புவார்கள். மேலே கொட்ட இடமில்லை என்றால் கொஞ்ச நேரத்தில் எல்லாச் சட்டியும் மேலேயே நிறைந்து கிடக்கும். கீழே கலவை மலைபோல் இருந்தாலும் வேலை நின்றுவிடும். என்ஏடிதான் அந்தச் சட்டி. எல்லா என்ஏடியும் என்ஏடிஹெச் ஆகிவிட்டால் ஆறாவது படி நடக்காது. ஆறாவது படி நடக்காவிட்டால் ஏடிபி இல்லை. குளுக்கோஸ் எவ்வளவு குவிந்து கிடந்தாலும் செல் பட்டினிதான்.

ஆக்சிஜன் இருக்கும்போது மைட்டோகாண்ட்ரியா அந்த எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு, என்ஏடியை மறுபடி காலியாக்கித் தருகிறது. அது இல்லாதபோது தசைச்செல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு பொருளின் தலையில் எலெக்ட்ரான்களைக் கட்டிவிடுகிறது. அந்தப் பொருள் கிளைக்காலிசிஸின் விளைபொருளான பைருவிக் அமிலம். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி என்ஏடிஹெச்சின் எலெக்ட்ரான்களைப் பைருவிக் அமிலத்துக்கு மாற்றுகிறது. பைருவிக் அமிலம் லாக்டிக் அமிலமாகிறது. என்ஏடி விடுதலையாகி ஆறாவது படிக்குத் திரும்புகிறது. சர்க்கரையிலிருந்து எடுத்த எலெக்ட்ரான்களைச் சர்க்கரையின் மிச்சத் துண்டின் மேலேயே திருப்பி வைத்தாகிவிட்டது. மொத்தக் கணக்கில் எந்த ஆக்சிஜனேற்றமும் நடக்கவில்லை. ஆனால் இடையில் 2 ஏடிபியைக் கறந்தாகிவிட்டது. இதுதான் நொதித்தல்.

இந்த இடத்தில் "நொதித்தல் திறமையில்லாத முறை" என்று ஒரு வரி எல்லாப் புத்தகத்திலும் வரும். அது எனக்கு உடன்பாடில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மோல் குளுக்கோஸ், அதாவது 180 கிராம், முழுதாக கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆனால் சுமார் 2,870 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். அதே 180 கிராம் லாக்டிக் அமிலமாக மட்டும் மாறினால் வெளிப்படுவது சுமார் 196 கிலோஜூல். ஏடிபி ஒரு மோலுக்கு 30.5 கிலோஜூல் என்று வைத்தால் 2 ஏடிபிக்கு 61. 196-ல் 61 என்பது 31 சதவீதம். ஆக்சிஜனோடு கிடைப்பது இன்றைய கணக்குப்படி 30 முதல் 32 ஏடிபி (பழைய புத்தகங்களில் 36, 38 என்று இருக்கும், அது சவ்வில் ஏற்படும் கசிவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்க்காத எண்). 30 ஏடிபிக்கு 915 கிலோஜூல், 2,870-ல் அது 32 சதவீதம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே! வெளிவந்த ஆற்றலைப் பிடிப்பதில் நொதித்தல் ஒன்றும் மட்டமில்லை. பாதி வழியில் நிற்கிறது, அவ்வளவுதான். மிச்ச ஆற்றல் வீணாகவில்லை, லாக்டிக் அமிலத்துக்குள் அப்படியே இருக்கிறது.

அப்படி உள்ளே இருப்பதால்தான் உடல் அதைத் தூக்கி எறிவதில்லை. தசையிலிருந்து ரத்தத்துக்கு வரும் லாக்டேட்டை (உடலுக்குள் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம்) இதயத்தசை எடுத்து எரிபொருளாக எரிக்கிறது. கல்லீரல் இன்னொரு பங்கை எடுத்து மறுபடி குளுக்கோஸாகக் கட்டி ரத்தத்தில் விடுகிறது. இந்தச் சுற்றைக் கண்டுபிடித்த கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி 1947-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சுற்று இலவசமில்லை. தசைக்கு 2 ஏடிபி கிடைத்ததற்குக் கல்லீரல் 6 ஏடிபி செலவழித்துத்தான் அந்தக் குளுக்கோஸைத் திரும்பக் கட்டுகிறது. அவசரத்தில் இருக்கும் தசைக்காக, ஆக்சிஜன் வசதியோடு இருக்கும் கல்லீரல் கடனை அடைக்கிறது.

அவசரம் என்றால் எவ்வளவு அவசரம்? முழு வேகத்தில் ஓடும் தசையில் கையிருப்பாக உள்ள ஏடிபி இரண்டு மூன்று நொடிக்குத்தான் வரும். அடுத்து, தீர்ந்த ஏடிபியை உடனே திரும்ப நிரப்பித் தரும் கிரியேட்டின் பாஸ்பேட் கை கொடுக்கும்; அதுவும் பத்து நொடிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கிளைக்காலிசிஸ் சில நொடிகளிலேயே முழு வீச்சுக்கு வந்து, மைட்டோகாண்ட்ரியாவைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஏடிபி தரும். மொத்தம் குறைவு, ஆனால் வேகம் அதிகம். உசைன் போல்ட் 2009-ல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடியதெல்லாம் பெரும்பாலும் ஆக்சிஜன் உதவியில்லாமல் வந்த ஆற்றலில்தான். 400 மீட்டர் ஓடி முடித்தவரின் ரத்தத்தைப் பார்த்தால், சாதாரணமாக லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவில் இருக்கும் லாக்டேட் 15, 20 வரை ஏறியிருக்கும்.

கிரியேட்டின் பாஸ்பேட்டைப் பற்றிச் சொல்லும்போது ஒருவரைச் சொல்லாமல் போகக் கூடாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு ஹார்வர்டுக்குப் போன எல்லாப்பிரகட சுப்பாராவ், சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1927-ல் அதைத் தசையில் கண்டறிந்தார். அன்றைக்குத் தசை சுருங்குவதற்கே லாக்டிக் அமிலம்தான் காரணம் என்ற கொள்கை உச்சத்தில் இருந்தது. அதை முன்வைத்த ஆட்டோ மெயர்ஹாஃபும் ஏ.வி. ஹில்லும் 1922-க்கான நோபல் பரிசே வாங்கியிருந்தார்கள். 1930-ல் டென்மார்க்கின் ஐனார் லுண்ட்ஸ்கார்ட் அயோடோ அசிட்டிக் அமிலம் கொடுத்து கிளைக்காலிசிஸை அடைத்துவிட்டுப் பார்த்தார். லாக்டிக் அமிலம் துளியும் உண்டாகவில்லை. தசையோ சுருங்கிக்கொண்டே இருந்தது, சுப்பாராவ் கண்டறிந்த அந்த கிரியேட்டின் பாஸ்பேட் தீரும்வரை. லாக்டிக் அமிலக் கொள்கை அத்தோடு முடிந்தது. ஏடிபியைத் தசையில் கண்டறிந்தவர்களிலும், 1929-ல், கார்ல் லோமானோடு ஃபிஸ்கே, சுப்பாராவ் பெயர்களும் இருக்கின்றன. நம் ஊர் வகுப்பறைகளில் இந்தப் பெயர் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்தக் கொள்கை முடிந்தாலும் லாக்டிக் அமிலத்தின் மேல் விழுந்த பழி இன்னும் தீரவில்லை. முதல் நாள் ஜிம்முக்குப் போய்விட்டு மறுநாள் படி இறங்க முடியாமல் தவிப்பவரிடம் "லாக்டிக் ஆசிட் சேர்ந்திருக்கு" என்று பயிற்சியாளர் சொல்வார். ஓடி முடித்து ஒரு மணி நேரம் போல ஆனால் ரத்தத்தில் லாக்டேட் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வலியோ மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகிறது. அது பழக்கமில்லாத வேலையால் தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும். குறிப்பாக, மலையிறங்குவதுபோல் தசை நீண்டுகொண்டே தாங்கும் வேலையில் அது அதிகம்.

சரி, ஆக்சிஜன் இல்லாதபோதுதான் செல் இப்படிச் செய்யும் என்று நினைக்க வேண்டாம். ஆக்சிஜனைச் சுமந்துகொண்டே அதில் ஒரு துளியையும் தொடாத செல் ஒன்று நம் உடலில் இருக்கிறது. சிவப்பணு. முதிர்ந்த சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. தன் 120 நாள் வாழ்க்கையையும் கிளைக்காலிசிஸ் தரும் ஏடிபியில் ஓட்டிவிட்டு லாக்டேட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சோடியம், பொட்டாசியம் அளவுகளைச் சரியாக வைத்திருக்கவும், வளைந்து நெளிந்து நுண்குழாய்க்குள் நுழையும் தன்மையைக் காக்கவும் அந்த ஏடிபி வேண்டும். கிளைக்காலிசிஸின் கடைசி நொதியான பைருவேட் கைனேஸ் பிறவியிலேயே குறைபட்டிருப்பவர்களுக்குச் சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிந்து ரத்தசோகை வருகிறது.

இதை நீங்களே கண்ணால் பார்க்க வழி உண்டு. சர்க்கரை அளவு பார்க்க ரத்தம் கொடுக்கப் போனால், லேபில் பெரும்பாலும் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுப்பார்கள். உள்ளே சோடியம் ஃபுளூரைடு இருக்கும். காரணம், குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அங்கேயும் குளுக்கோஸைத் தின்று லாக்டேட் ஆக்கிக்கொண்டே இருக்கின்றன. சும்மா விட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். 140 என்று வர வேண்டியது 120-களில் வந்து நிற்கலாம். ஃபுளூரைடு கிளைக்காலிசிஸின் ஒன்பதாவது படியின் நொதியான ஈனோலேஸை அடைத்து இதை நிறுத்துகிறது. மாதிரியை உடனே குளிர்வித்து அணுக்களைப் பிரித்துவிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஃபுளூரைடு முழுதாக வேலை செய்ய நேரம் எடுக்கும்.

ஈஸ்ட் வேறு வழி கண்டுபிடித்தது. அது பைருவிக் அமிலத்திலிருந்து முதலில் ஒரு கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாகக் கழற்றிவிடுகிறது. மிச்சமிருக்கும் இரண்டு கார்பன் கொண்ட அசிட்டால்டிஹைடின் மேல் எலெக்ட்ரான்களை இறக்குகிறது. அதுதான் எத்தனால். மதுவுக்காக மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயன்படுத்தும் பொருள், ஈஸ்ட்டுக்கு என்ஏடியைக் காலியாக்கியதில் வந்த மிச்சம்.

இந்த விஷயம் எப்படித் தெரியவந்தது என்பது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை. காற்றில்லாமலும் உயிர் வாழ முடியும் என்பதை லூயி பாஸ்டர் 1861-ல் பியூட்டிரிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்களைக் கொண்டு காட்டினார். ஈஸ்ட்டுக்குக் காற்று கொடுத்தால் அது குறைந்த சர்க்கரையிலேயே அதிகம் வளர்வதையும் கவனித்தார். ஒரு சர்க்கரைக்கு 2 ஏடிபி கிடைக்கும் இடத்தில் முப்பதுக்கு அருகே கிடைத்தால் குறைவாகச் சாப்பிட்டால் போதுமல்லவா? ஆனால் நொதித்தலுக்கு உயிருள்ள செல் கட்டாயம் என்று பாஸ்டர் உறுதியாக நம்பினார். 1897-ல் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்து, அழுத்திப் பிழிந்து, செல்லே இல்லாத சாறு எடுத்தார். சாறு கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்றுதான் அதில் நிறையச் சர்க்கரையைச் சேர்த்தார்கள். குமிழி குமிழியாக வாயு கிளம்பியது. உயிரில்லாத சாறு நொதிக்கிறது! உயிர்வேதியியல் என்ற துறையே இங்கிருந்துதான் தொடங்கியது என்று சொல்லலாம். 1907-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் 1906 வாக்கில் லண்டனில் அந்தச் சாற்றை நுண்வடிகட்டி வழியே செலுத்தி இரண்டாகப் பிரித்தார்கள். பெரிய மூலக்கூறுகள் மட்டும் உள்ள பங்கு நொதிக்கவில்லை. சிறிய மூலக்கூறுகள் உள்ள பங்கும் நொதிக்கவில்லை. இரண்டையும் கலந்தால் நொதித்தது. சிறிய பங்கைக் கொதிக்கவைத்துவிட்டுக் கலந்தாலும் நொதித்தது, ஆகவே அதில் இருப்பது புரதம் இல்லை. கொதியைத் தாங்கிய அந்தப் பங்கில் இருந்த முக்கியமான பொருள்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் என்ஏடி. அதை நீக்கினால் நொதிகள் எல்லாம் இருந்தும் ஒன்றும் நடக்காது என்பதைப் பெயர் வைப்பதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள். ஹார்டனும், அந்தப் பொருளைச் சுத்தப்படுத்திய ஹான்ஸ் ஃபான் ஆய்லர்-கெல்பினும் 1929-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தமிழ் வீடுகளில் தினமும் நடக்கும் நொதித்தல் இதைவிடச் சிக்கலானது. இட்லி மாவு பொங்குவதை ஈஸ்ட் வேலை என்று பலர் சொல்கிறார்கள். முக்கியமான வேலையைச் செய்வது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டியிருப்பது அது. தனியாக எதையும் சேர்க்கத் தேவையில்லை.

இந்தப் பாக்டீரியா கிளைக்காலிசிஸின் வழக்கமான வழியில் போவதில்லை. ஆறு கார்பன் சர்க்கரையை 1, 2, 3 என்று உடைக்கிறது. ஒரு கார்பன் கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது, மாவை உப்பவைப்பது அதுதான். மூன்று கார்பன் துண்டு லாக்டிக் அமிலமாகிறது, புளிப்பு அதனால். இரண்டு கார்பன் துண்டு எத்தனால் ஆகிறது. கொஞ்சமாக உண்டாகி வேகும்போது பெரும்பாலும் ஆவியாகிவிடும். இத்தனைக்கும் கிடைக்கும் நிகர லாபம் ஒரு சர்க்கரைக்கு ஒரே ஒரு ஏடிபி.

உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அந்த இரண்டு கார்பன் துண்டு அசிட்டைல் பாஸ்பேட் என்ற வடிவில் வருகிறது. அதன் பாஸ்பேட்டைப் பிடுங்கி இன்னொரு ஏடிபி செய்ய முடியும், மிச்சம் அசிட்டிக் அமிலமாகும். லாபம் இரண்டு மடங்காகிவிடும். ஆனாலும் பாக்டீரியா அந்த ஏடிபியை விட்டுக்கொடுத்துவிட்டு, அதே துண்டின் மேல் எலெக்ட்ரான்களை ஏற்றி எத்தனால் ஆக்குகிறது. ஏனென்றால் முதல் படிகளில் நிறைந்துபோன என்ஏடியைக் காலிசெய்ய வேறு இடமே இல்லை. கொஞ்சம் ஆக்சிஜனோ ஃபிரக்டோஸோ கிடைத்து, எலெக்ட்ரான்களை அங்கே இறக்க முடிந்தால் போதும், உடனே எத்தனாலை விட்டுவிட்டு அசிட்டிக் அமிலத்துக்கு மாறி அந்த இரண்டாவது ஏடிபியை எடுத்துக்கொள்கிறது. ஏடிபியா, என்ஏடியா என்ற நெருக்கடி வந்தால் செல் என்ஏடியைத்தான் தேர்ந்தெடுக்கும்.

உருவான வாயு வெளியேறாமல் நிற்பதற்கு உளுந்து காரணம். அதன் புரதமும், அரபினோகாலக்டன் என்ற கூட்டுச்சர்க்கரையும் குமிழிகளைச் சுற்றி வலைபோல் பிடித்துக்கொள்கின்றன. நன்றாகப் பொங்கிய மாவைக் கரண்டியால் ஓரமாக வெட்டி எடுத்துப் பாருங்கள், அந்த வெட்டுமுகம் முழுக்கச் சிறு சிறு அறைகளாக இருக்கும். உளுந்தைக் குறைத்துவிட்டு அரிசியை மட்டும் கூட்டினால் பாக்டீரியா அதே வாயுவை உண்டாக்கினாலும் மாவு எழும்பாது.

லாக்டேட், எத்தனால் இரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. லாக்டேட் சேரச் சேர செல்லின் உள்ளே அமிலத்தன்மை ஏறும். எத்தனால் சவ்வைக் கடந்து எளிதாக வெளியேறிவிடும், ஆனால் அதற்குள் இருக்கும் ஆற்றலும் அதோடு போய்விடும். நெடுநாள் ஆக்சிஜன் இல்லாமல் இருக்க வேண்டிய முதுகெலும்பு விலங்குகள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. வட அமெரிக்காவின் வண்ண ஆமை லாக்டேட்டைத் தேர்ந்தெடுத்தது. உறைந்த குளத்தின் அடியில், 3 டிகிரி குளிரில், மாதக்கணக்கில் மூச்சில்லாமல் கிடக்கும். சேரும் அமிலத்தை ஈடுகட்ட ஓட்டிலிருந்து கார்பனேட் கரைந்து வருகிறது. லாக்டேட்டின் ஒரு பங்கு ஓட்டுக்குள்ளேயே போய்த் தங்கிவிடுகிறது. வடக்கு ஐரோப்பாவின் குரூசியன் கெண்டையும் அதன் நெருங்கிய உறவான தங்கமீனும் எத்தனாலைத் தேர்ந்தெடுத்தன. முதுகெலும்பு விலங்கு ஈஸ்ட்டைப்போல் ஆல்கஹால் காய்ச்சுகிறது! தசையில் உண்டாகும் எத்தனால் செவுள் வழியே தண்ணீரில் கலந்துவிடுகிறது. ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் இதன் மூலகாரணத்தை வெளியிட்டார்கள். இந்த மீன்களின் முன்னோரில் மரபணுத்தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டிப்பானபோது, பைருவிக் அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கையாளும் நொதிக்கும் இரண்டாம் பிரதி கிடைத்தது. அந்தப் பிரதி மாறி, ஆக்சிஜன் இல்லாதபோது எத்தனால் பாதையைத் திறந்துவிடும் நொதியாகிவிட்டது. பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கும் மீனின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கும் மேல் ஆல்கஹால் இருக்கும். பல நாடுகளில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவைவிட அது அதிகம்.

இனி கேள்வியின் இரண்டாம் பாதி. நொதித்தலும் காற்றில்லா சுவாசமும் ஒன்றா? பள்ளிப் புத்தகத்தில் ஒன்றாகவே எழுதியிருப்பார்கள், தேர்வில் அப்படியே எழுதிவிடுங்கள். ஆனால் நுண்ணுயிரியலில் இரண்டும் வேறு. இதுவரை பார்த்த எல்லா உயிர்களும் எலெக்ட்ரான்களைத் தம் சர்க்கரையிலிருந்து வந்த ஒரு துண்டின் மேலேயே இறக்கின, அது நொதித்தல். ஆக்சிஜனுக்குப் பதிலாக வெளியிலிருந்து வேறு பொருளை எடுத்து, எலெக்ட்ரான்களைச் சவ்வின் புரத வரிசை வழியே அனுப்பி அதன் மேல் இறக்கினால், அது காற்றில்லா சுவாசம். அந்தப் பொருள் நைட்ரேட்டாக இருக்கலாம், இரும்பாக, சல்பேட்டாக இருக்கலாம். இதில் கிடைக்கும் ஏடிபி நொதித்தலைவிட அதிகம், ஆக்சிஜனைவிடக் குறைவு.

தண்ணீர் கட்டிய நெல்வயல் இதற்குச் சரியான இடம். தண்ணீர் நின்றதும் மண்ணில் இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் சீக்கிரமே தீர்த்துவிடும். அடுத்து நைட்ரேட்டின் முறை. அதன் மேல் எலெக்ட்ரான் இறங்கினால் அது கடைசியில் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. விவசாயி போட்ட உரத்தின் ஒரு பங்கு இப்படித்தான் பறந்துபோகிறது. நைட்ரேட் தீர்ந்தால் மாங்கனீசு, அப்புறம் இரும்பு, அதன்பின் சல்பேட். எலெக்ட்ரானை ஏற்பதில் எது அதிக ஆற்றல் தருமோ அது முதலில் தீரும். சல்பேட் வழியில் போனால் ஹைட்ரஜன் சல்பைடு வரும், பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டின் கருஞ்சேற்றைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான். கடல்நீரில் சல்பேட் நிறைய இருப்பதால் அங்கே அது தூக்கலாக இருக்கும். எல்லாம் தீர்ந்தபின் மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியாவைப் போலத் தெரியும் தனி நுண்ணுயிர் வகை) கார்பன் டை ஆக்சைடின் மேலேயே எலெக்ட்ரான்களை ஏற்றி மீத்தேன் ஆக்குகின்றன. அசிட்டேட்டைப் பிளந்தும் மீத்தேன் எடுக்கின்றன. அதனால்தான் நெல்வயலில் தண்ணீரை அவ்வப்போது வடியவிட்டு மறுபடி கட்டினால் மீத்தேன் குறைகிறது: காற்று உள்ளே வந்து, இந்த வரிசையில் முன்னால் தீர்ந்துபோன பொருட்களைத் திரும்ப நிரப்பிவிடுகிறது.

அதே வயலில் நிற்கும் நெற்பயிருக்கு இந்தச் சுவாசமெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது நொதித்தல்தான். மூழ்கிய நெல்விதை ஆல்கஹால் நொதித்தலில் ஏடிபி எடுத்துக்கொண்டு முளைக்குருத்தைத் தண்ணீருக்கு மேலே நீட்டும், வேரை நிறுத்திவைத்துவிடும். கோதுமைக்கு இது முடியாது. ஆக்சிஜன் இல்லாதபோது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸை அதனால் உண்டாக்க முடிவதில்லை, ஆகவே நொதிக்கச் சர்க்கரையே கிடைக்காது. வளர்ந்த பயிர் வெள்ளத்தில் முழுதாக மூழ்கினால் நெல்லுக்கும் ஆபத்துதான். பெரும்பாலான ரகங்கள் தலையை வெளியே நீட்டும் முயற்சியில் வேகமாக நீண்டு, ஒரு சர்க்கரைக்கு 2 ஏடிபி என்ற கணக்கில் இருப்பையெல்லாம் செலவழித்துவிட்டுச் சாய்ந்துவிடும். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய ரகம் மட்டும் மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சர்க்கரையைச் சிக்கனமாக நொதித்துக்கொண்டே இரண்டு வாரம்வரை தாங்குவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். காரணமான சப் 1ஏ மரபணு 2006-ல் அடையாளம் காணப்பட்டது. அதைக் கலப்பின வழியில் ஸ்வர்ணா போன்ற பிரபலமான ரகங்களுக்குக் கொண்டுவந்தார்கள். காவிரி டெல்டாவில் வெள்ளம் தேங்கும் வயல்களில் விதைக்கும் சி.ஆர். 1009 சப் 1 ரகத்தில் இருப்பதும் அதே மரபணுதான். தண்ணீர் வடிந்த பிறகு அந்தப் பயிர் மறுபடி துளிர்ப்பது, தண்டில் செலவாகாமல் மிச்சமிருக்கும் சர்க்கரையைக் கொண்டுதான்.